கொட்டாவி விடக் கூடாத வீடு

எங்கள் வீட்டில் நான் கொட்டாவி விட்டால் எல்லா வேலையும் நின்றுவிடும். தங்கையின் தையல் மெஷின் பாதித் தையலில் நிற்கும். மாப்பிள்ளை, அதாவது அவள் புருஷன், டிவியின் சத்தத்தைக் குறைப்பார். இரண்டு பேரும் என்னை நேராகப் பார்க்கமாட்டார்கள். என் மூக்கு ஒழுகுகிறதா, கையில் மயிர் குத்திட்டு நிற்கிறதா என்று ஓரக்கண்ணால் ஒரு சோதனை நடக்கும். நான் ஆந்திராவில் இருக்கும் புத்தூரிலிருந்து தடா பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ்ஸை ஓட்டுகிறவன். விடிகாலை மூன்றரைக்கு எழுகிறவன். அப்படிப்பட்டவன் சாயங்காலம் ஆறு மணிக்குக் கொட்டாவி விடாமல் வேறு என்னத்தை விடுவான்? இதைச் சொல்லிச் சண்டை போட எனக்கு இப்போது தெம்பில்லை. அவர்களையும் குறை சொல்வதற்கில்லை.

அது கொட்டாவியில்தான் தொடங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். முதலில் கொட்டாவி. பிறகு கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். பிறகு உரித்த கோழி போலக் கைகால் முழுக்கப் புல்லரிப்பு. அதற்கப்புறம் குடலை முறுக்கிப் பிழியும் வலி. மாத்திரையை நிறுத்தியவன் உடம்பு இந்த வரிசையை மாற்றாது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் எனக்கு இடுப்பு போயிற்று. எலும்புக்கு நடுவில் ஏதோ நகர்ந்துவிட்டது, இரண்டு மாதம் படுத்திரு என்றார்கள். நான் படுத்தால் என் பஸ்ஸை வேறொருவன் ஓட்டுவான். கூட ஓட்டுகிற ஒருவர் ஒரு கேப்ஸ்யூலை உள்ளங்கையில் வைத்து, "இத்த போட்டுக்கினு ஏறு. இடுப்புன்னு ஒண்ணு கீதான்றதே மறந்துடும்" என்றார். மறந்துதான் போனது. கூடவே எரிச்சல், கவலை, பெண்டாட்டியின் பேச்சு எல்லாம் தூரத்தில் எங்கோ கேட்கிற மாதிரி ஆகிவிட்டது. ஒன்று இரண்டானது, இரண்டு எட்டானது. அந்த மாத்திரை அபினுக்குப் பங்காளி முறை என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அதற்குள் பெண்டாட்டி தாய்வீட்டுக்குப் போயிருந்தாள், போனவள் போனவள்தான். முதலாளி பஸ் சாவியை வாங்கிக்கொண்டார். தங்கை வந்து என் துணிமணியை ஒரு கட்டைப்பையில் திணித்து, புத்தூரில் இருக்கும் தன் வீட்டுக்கு என்னைக் கூட்டிவந்தாள். அப்போது அவள் மகளுக்குப் பத்து மாதம்.

அது புரட்டாசி. டாக்டரிடம் போனால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று நானும் அவளும் சேர்ந்து முடிவெடுத்தோம். இரண்டு பேருக்கும் அவ்வளவுதான் புத்தி. மாத்திரையை ஒரேயடியாக நிறுத்திவிட்டு, டாக்டருக்குப் பதிலாகத் திருமலைப் பெருமாளைக் கூப்பிட்டாள். பின்னறையில் ஏழு நாள் கிடந்தேன். ஒரு சொம்பில் துளசியும் ஏலக்காயும் பச்சைக் கற்பூரமும் போட்ட தீர்த்தம். மணிக்கொரு தரம் ஒரு கரண்டி. கூடவே மலையிலிருந்து யாரோ கொண்டுவந்த லட்டுப் பிரசாதத்தில் ஒரு விள்ளல். அதிலும் அதே பச்சைக் கற்பூர வாசனை. உள்ளே போனது மூன்றாம் நிமிஷம் வெளியே வரும்.

"பெருமாள் தீர்த்தம்ணா, அத்த வாந்தி எடுக்கக் கூடாது. முழுங்கு" என்று வாயைப் பொத்துவாள்.

ஒரு தோளில் குழந்தை, இன்னொரு கையில் கிண்ணம். அந்த ஏழு நாளும் அவள் படுத்து நான் பார்க்கவில்லை. சுவரில் தலையை முட்டிக்கொண்டேன், அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன், ஒரு தடவை கிண்ணத்தைத் தட்டிவிட்டேன். அவள் தரையைத் துடைத்துவிட்டு மறுபடியும் தீர்த்தம் கலந்துகொண்டு வந்தாள். எட்டாம் நாள் காலை கஞ்சி குடித்தேன், குடித்தது தங்கிற்று. தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் அவள் சொன்ன பதில் ஒன்றுதான்.

"நான் இன்னா பண்ணேன்? எல்லாம் அந்தத் தீர்த்தம் பண்ணது."

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். யார் மலைக்குப் போய்வந்தாலும் லட்டைப் பிட்டுத் தெருவில் ஒரு வீடு விடாமல் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அங்கேயே வாயில் போட வேண்டும். சண்டைக்கார வீடானாலும் சரி, சர்க்கரை வியாதிக்காரரானாலும் சரி, பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லும் நாக்கு எங்கள் ஊரில் கிடையாது. நான் தேறி ஐந்து மாதம் ஆகியிருந்தது. பஸ் திரும்பக் கிடைத்திருந்தது. எதிர்வீட்டுக்காரர் குடும்பத்தோடு மலைக்குப் போய்வந்து, வாசலில் நின்று என் கையில் ஒரு துண்டு லட்டு வைத்தார். கண்ணில் ஒற்றினேன். வாசனை மூக்கில் ஏறியது. கொட்டாவி வந்தது. அடுத்தது புல்லரிப்பு. வயிற்றுக்குள் பழைய முறுக்கு. ஐந்து மாதமாக ஒரு மாத்திரை தொடாத உடம்பு, நேற்றுத்தான் நிறுத்தியது போல நடுங்கிற்று. ஒரு மணி நேரத்தில் நான் நெடுஞ்சாலை ஓரத்து மருந்துக்கடை ஒன்றின் முன்னால் நின்றேன்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பார்கள். என் விஷயத்தில் அது பொய். சூட்டை நினைத்தே நான் அடுப்புக்குள் குதித்தேன். சுகத்தைத் தேடிப் போகவில்லை. சுகமெல்லாம் எப்போதோ முடிந்துபோயிற்று. அந்தப் பின்னறை திரும்ப வந்துவிட்டது என்று உடம்பு சொன்னது. அதை நிறுத்த அதற்குத் தெரிந்தது ஒரே வழி.

பழைய குருடி கதவைத் திறடி என்று எல்லாரும் பேசினார்கள். கெட்ட சகவாசம் என்று மாப்பிள்ளை சொன்னார். நானும் ஆமாம் போட்டேன். எதிர்வீட்டுக்காரர் கொடுத்த பிரசாதம்தான் காரணம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? எனக்கே நம்பிக்கையில்லை.

எட்டு மாதம் மாத்திரையிலேயே ஓடிற்று. இரண்டாம் தடவை நிறுத்தும்போது தங்கை ஊருக்குப் பயப்படவில்லை. திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. காலையிலிருந்து ஆள் பார்த்துப் பார்த்துக் கண் செருகிக் கிடந்தார். படிப்படியாக இறக்குகிற மருந்து எழுதினார். இந்த முறை குடல் முறுக்கு பாதிகூட இல்லை. இது ஊரில் இருக்கும்போதுதான் நாங்கள் தீர்த்தத்தோடு மல்லுக்கு நின்றோம் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது.

மூன்றாவது தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது தங்கை வெளியே மருந்து வாங்கும் வரிசையில் நின்றாள். டாக்டரம்மா கேட்டார்: "ஆ ரோஜு, மாத்திரைக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?"

அந்த நாளைக் கேட்கிறார் என்று புரிந்தது. தயங்கித் தயங்கி லட்டைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் சீட்டைத் திருப்பிப்போட்டு ஒரு மண்டையை வரைந்தார், நடுவில் ஒரு புள்ளி வைத்தார்.

"சூடண்ணா, இங்க பாருங்க. மூளைக்கு நட்ட நடுவுல தாலமஸ்னு ஒண்ணு இருக்கு. நம்ம ரேணிகுண்டா ரயில் ஜங்ஷன்னு வெச்சுக்கோங்க. முக்கால்வாசி லைன் அது வழியாத்தான் போகணும்." புள்ளியிலிருந்து இரண்டு கோடு இழுத்தார். "இந்த லைன் பயம் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குப் போகுது. இது ஆசை உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு. நீங்க அந்த ஏழு நாள் பட்ட கஷ்டம் ரெண்டு லைனையும் கெட்டியாப் போட்டுருச்சு. அப்போ பக்கத்துல என்ன வாசனை இருந்துச்சோ, அதுதான் இப்போ சிக்னல். மருந்து உடம்பை விட்டுப் போயிடும். லைன் போகாது. அர்த்தமயிந்தா?"

புரிந்தது. புரிந்ததும் களைப்பாக இருந்தது. "தண்டவாளத்தப் பேத்துட முடியாதாம்மா?" என்று கேட்டேன்.

ஆய்வகத்தில் எலிகளுக்கு அந்த வழியை அடைத்துப் பார்த்திருக்கிறார்களாம். எலிகள் அந்தப் பயத்தையும் ஆசையையும் விட்டுவிட்டனவாம். மனுஷனுக்கு இன்னும் அப்படி ஒன்றும் வரவில்லை என்றார். "அதே வாசனையில வேற ஞாபகம் மேல மேல சேரணும். பழசு அடியில இருக்கும். ஆனா சத்தம் குறையும். வீட்ல இதைச் சொன்னீங்களா?"

"இல்ல."

"செப்பண்டி," என்றார். சொல்லுங்கள் என்று அர்த்தம். அடுத்த சீட்டை எடுத்துக்கொண்டார்.

எந்த வாயால் சொல்வது? ஏழு நாள் தூங்காமல் அவள் ஊட்டினாள். அவள் வாழ்க்கையில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அந்த ஒரு சொம்பு தீர்த்தம்தான் இருக்கிறது. உன் தீர்த்தம் என்னைக் காப்பாற்றவில்லை, அந்த வாசனைதான் என்னைக் கடைக்குத் துரத்துகிறது என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு நெஞ்சில்லை. அதனால் திருட்டு வேலை பழகினேன். பிரசாதம் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாங்குவேன், கண்ணில் ஒற்றுவேன், வாய்க்குக் கொண்டுபோவது போலக் கொண்டுபோய் விரலுக்குள் மடக்கிவிடுவேன். பிறகு தெருமுனையில் நிற்கும் மாட்டுக்குக் கொடுப்பேன். அந்த மாடு செய்த புண்ணியம், வருஷம் முழுக்கத் திருமலைப் பிரசாதம் தின்றது. இப்படிப் பதினோரு மாதம் ஓடிற்று.

இதற்கு நடுவில் குழந்தைக்கு மூன்று முடிய இருபது நாள்தான் இருந்தது. முதல் மொட்டை இன்னும் போடவில்லை. எங்களில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் முதல் முடி இறக்குவார்கள். ஒன்றில் போட வேண்டியது, என்னால் நின்றுபோயிற்று. அண்ணன் தேறட்டும், அவன் மடியில் வைத்துத் திருமலையிலேயே இறக்குகிறேன் என்று தங்கை வேண்டிக்கொண்டிருந்தாள். மூன்று தாண்டினால் நான்கு இரட்டைப்படை, ஆகாது; அப்புறம் ஐந்து வரைக்கும் காத்திருக்க வேண்டும். குழந்தையின் தலைமுடி சடையும் சிக்குமாக இடுப்பைத் தொட்டது. அதைச் சீவும்போது அவள் போடும் கூச்சல் தெருவுக்கே கேட்கும்.

மாப்பிள்ளை வீட்டாருக்குப் பயம். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் மெதுவாகச் சொன்னார்.

"மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. கத்தி வெக்கிற எடம், கொழந்த தல. சத்தியவேட்டுல உங்க பெரியப்பா பையன் கீறாரே, அவுரும் மாமன் மொறதான்..."

நியாயமான பேச்சு. எனக்குக் கோபம்கூட வரவில்லை. தங்கைதான் குழம்புக் கரண்டியைத் தட்டில் போட்டாள்.

"எங்கண்ணன் கை நடுங்காது. நடுங்கனா அப்போ கேளு."

அவள் என் மேல் வைத்த நம்பிக்கையைச் சுமப்பதைவிடச் சந்தேகத்தைச் சுமப்பது லேசு. ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேலே போகிற பஸ்ஸில் லட்டு இருக்காது, இறங்குகிற பஸ்ஸில்தான் இருக்கும். மொட்டை போடும் கல்யாணகட்டா கோயிலைவிட்டுத் தள்ளி இருக்கிறது. அங்கே ஈர மயிர் வாசனைதான். மொட்டை முடிந்தால் என் வேலை முடிந்தது. அப்புறம் அவர்கள் தரிசனத்துக்குப் போகட்டும், நான் ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே உட்கார்ந்துகொள்ளலாம்.

கணக்கெல்லாம் சரியாகத்தான் வந்தது. கல்யாணகட்டாவில் வரிசை வரிசையாகத் தலைகள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டேன். அவள் முதுகு என் நெஞ்சில், அவள் இரண்டு கையும் என் ஒரு கைக்குள். முடி எடுப்பவர் புது பிளேடை உடைத்துக் கத்தியில் மாட்டினார். தலையில் தண்ணீர் தெளித்து நடுவகிட்டிலிருந்து இழுத்தார். முதல் சடை என் முழங்காலில் விழுந்தது. குழந்தை அழவில்லை, விழுந்த முடியைப் பார்த்து, "மாமா, அது யார்து?" என்று கேட்டாள். என் கை நடுங்கவில்லை. பக்கத்தில் குந்தியிருந்த தங்கையும் நின்றுகொண்டிருந்த மாப்பிள்ளையும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாதித் தலை முடிந்தபோது தங்கை மடியிலிருந்து ஒரு சில்வர் டப்பாவை எடுத்துத் திறந்தாள். மொட்டைத் தலையில் பூசச் சந்தனம். விடிகாலையில் எழுந்து கல்லில் இழைத்தது. குளிர்ச்சிக்கென்று பச்சைக் கற்பூரத்தை நுணுக்கிப் போட்டிருந்தாள். அந்த ஒன்று என் கணக்கில் இல்லை.

வாசனை வந்தது. நான் மூச்சைப் பிடிப்பதற்குள் கொட்டாவி வந்துவிட்டது, தாடை கழன்றுவிடும் போல. கண்ணில் தண்ணீர். மூக்கில் தண்ணீர். குழந்தையைப் பிடித்திருந்த கையில் மயிர் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது. வயிறு முறுக்கிற்று. பின்னறைச் சுவரின் காரை பெயர்ந்த இடம்கூடக் கண்ணுக்குத் தெரிந்தது. கையை விட்டுவிட்டு எழுந்து ஓடிவிடலாமா என்று உடம்பு கேட்டது. மலை அடிவாரத்தில் எத்தனை மருந்துக்கடை என்றும் அதுவே எண்ணிப் பார்த்தது.

தங்கை என்னைப் பார்த்தாள். அந்த வரிசை அவளுக்கு என்னைவிட மனப்பாடம். அவள் முகம் சாம்பலாகிவிட்டது. டப்பாவின் மூடி கடகடவென்று தட்டிக்கொண்டது. நடுங்கியது என் கை இல்லை, அவள் கை. இடது தோளை ஏற்றி, அங்கே கைக்குழந்தை கிடப்பது போலக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டாள். அவளுக்குள்ளும் அந்தத் தண்டவாளம் போட்டாகிவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்குப் பச்சைக் கற்பூரம் என்றால் அவளுக்கு என் கொட்டாவி. மூளையின் நடுவில் இருக்கும் அந்த ஜங்ஷன் அவளுக்கு மட்டும் இல்லாமல் போகுமா?

"எந்தக் கடணா?" என்றாள். சத்தமே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

"கதலகண்டி அண்ணா," அசையாதீர்கள் என்றார் முடி எடுப்பவர். கத்தி குழந்தையின் காதுக்குப் பின்னால் இருந்தது.

நான் அசையவில்லை. குழந்தையின் தலைக்கு மேலாகச் சொன்னேன். "கட இல்லம்மா. மாத்திர தொட்டுப் பதினோரு மாசம் ஆவுது, கொழந்த மேல சத்தியம். அந்த டப்பா."

"டப்பாவா?"

"அந்தக் கற்பூர வாசன. அப்போ நீ மணிக்கொரு தரம் குடுத்தியே, அதே வாசன. அத்த மோந்தா ஒடம்பு அந்த ரூமுக்கே போய்டுது. அன்னிக்கு எதிர் வூட்டு லட்டும் அதான். டாக்டரம்மா சொன்னாங்க. உன்கிட்ட சொல்லத் தைரியம் இல்ல."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷமாகத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த பேச்சு அவள் முகத்தில் ஒவ்வொன்றாக வந்துபோவது தெரிந்தது. நான் அவள் அடிவயிற்றில் குத்தியது போல இருந்தது எனக்கு. குழந்தை என் கையில் குத்திட்டு நின்ற மயிரை ஒரு விரலால் தடவிப் பார்த்தாள்.

"மாமா, குளுருதா?"

"ஆமாண்டா கண்ணு."

தங்கை எழுந்தாள். மூலைக் குழாய்க்குப் போய் டப்பாவைக் கவிழ்த்தாள். சந்தனம் முழுதும் போகும்வரை தேய்த்துக் கழுவினாள். பிறகு முழங்கை வரைக்கும் கையைக் கழுவினாள், முந்தானையையும் நனைத்துப் பிழிந்தாள். திரும்பி வந்து பழைய இடத்தில் உட்காராமல், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கமாக, தன்னைத் தொட்ட காற்று என் மேல் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். என் இரண்டு கையும் குழந்தை மேல் இருந்ததால், மாப்பிள்ளை தன் கைக்குட்டையால் என் மூக்கைத் துடைத்துவிட்டார். மிச்சத் தலையும் முடிந்தது. எங்கும் ஒரு கீறல் இல்லை. கோவிந்தா என்றார்கள் சுற்றியிருந்தவர்கள். குழந்தையின் தலையில் சந்தனம் இல்லாமல் வெறும் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டினோம்.

அவர்கள் தரிசனத்துக்குப் போனார்கள், நான் வெளியே ஒரு மரத்தடியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தபோது அவர்கள் கையில் லட்டுப் பை இல்லை. கிடைத்த லட்டுகளை வரிசையில் பின்னால் நின்ற யாருக்கோ கொடுத்துவிட்டாளாம். இறங்குகிற பஸ்ஸில் ஜன்னலோரம் என்னை உட்காரவைத்து, கண்ணாடியை முழுக்கத் திறந்துவிட்டாள். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் ஒரு பை நிறையக் கடலை உருண்டை வாங்கினாள்.

புத்தூரில் தெருவே வாசலில் நின்றது, மொட்டைத் தலையைப் பார்க்க. "பிரசாதம் எங்கம்மா?" என்று எதிர்வீட்டம்மா இரண்டு கையையும் நீட்டினார்.

"லட்டு கவுண்டர்ல ஒரே கூட்டம்கா. கெடைக்கல" என்று சொல்லி அந்தக் கையில் கடலை உருண்டையை வைத்தாள்.

மலைக்குப் போய் லட்டில்லாமல் திரும்பிய குடும்பம் எங்கள் தெருவில் இதுவரை கிடையாது. யாரும் நம்பவில்லை. கஞ்சத்தனம் என்று காதுபடவே பேசினார்கள். நூல்கண்டு தொலைந்ததற்கு ஒரு பொய் சொன்னால் குழந்தையின் தொடையைத் திருகுகிறவள், பெருமாள் பேரில் ஒரே பொய்யைப் பன்னிரண்டு வீட்டுக்குச் சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். முகம் கழுவினாள், மெஷினில் உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் எனக்குக் கொட்டாவி வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. மெஷின் நின்றது. மாப்பிள்ளை டிவியைக் குறைத்தார். தங்கை என் பக்கம் திரும்பினாள், இந்தத் தடவை நேராக.

"தூக்கமாணா?" என்றாள்.

இரண்டு வருஷத்தில் அந்த வீட்டில் என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

"தூக்கந்தாம்மா" என்றேன்.